நின்ற இயந்திரம் நிற்க வேண்டும்

என் பட்டறையின் தகரச் சுவரில் ஒரு பள்ளம் இருக்கிறது. கட்டைவிரல் அகலம். தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு அடி உயரம். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பதினாறு வயதுப் பையனின் காது இருக்கும் மட்டம் அது. பார்க்கிறவர்கள், "அந்தத் தகரத்தை மாத்திடக் கூடாதா சார்?" என்று கேட்கிறார்கள். மாற்றுவதாக இல்லை.

பட்டறை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பெங்களூரின் வடமேற்கு மூலையில், முப்பதுக்கு நாற்பது அடி மனையில் கட்டிய வீடு. பின்புறம் துணி துவைக்கிற இடத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதில் நாலரை அடி நீள லேத் ஒன்று, துளை போடும் இயந்திரம் ஒன்று, சாணைக்கல் ஒன்று, சின்ன கம்ப்ரெஸர் ஒன்று. இவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

எங்கள் குடும்பத்துக்கும் மின்சாரத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. சிவனசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து 1902இல் எடுத்த மின்சாரம் முதலில் எந்த வீட்டுக்கும் போகவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்து இயந்திரங்களை ஓட்டத்தான் போனது. பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905இல். அந்தச் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் என் தாத்தாவும் ஒருவர். அப்பா அங்கிருந்து பெங்களூர் வந்து பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். நானும் இன்னொரு தொழிற்சாலையில் 34 வருடம் டர்னராக இருந்து, 2014இல் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்றவனுக்குக் கை அரிக்கும். 2016இல், மூடப்போகிற ஒரு சின்னப் பட்டறையில் அந்த லேத்தைப் பார்த்தேன். படுக்கை தேயவில்லை, சக் ஆடவில்லை, விலையும் கட்டுப்படியாகிற விலை. பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் மோட்டாரைக் குனிந்து பார்த்தேன். 2 குதிரைத்திறன், 415 வோல்ட், மும்முனை. என் வீட்டில் இருந்ததோ 230 வோல்ட் ஒருமுனை இணைப்பு. அனுமதிக்கப்பட்ட மின்பளு 2 கிலோவாட்.

முறைப்படி செய்திருந்தால் அப்போதே மும்முனை இணைப்புக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். நான் பி.வி.கே. அய்யங்கார் சாலைக்குப் போனேன். பெங்களூரில் மின் சாமான் வேண்டுமென்றால் கால்கள் தாமாகவே போகும் இடம் அது. அதே 2 குதிரைத்திறனில் ஒருமுனை மோட்டார் ஒன்றை வாங்கி வந்து லேத்தில் பொருத்தினேன். பழைய மோட்டாரைச் சாக்கில் சுற்றி மேஜைக்கு அடியில் தள்ளினேன். மீட்டர் பலகையிலிருந்து பட்டறை வரைக்கும் நானே வயர் இழுத்தேன். ஏறி இறங்கி 20 மீட்டர் வந்தது. வீட்டில் மிச்சமிருந்த 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்தான். கடைசியில் சுவரில் ஒரு சாதாரண சுவிட்ச். தட்டினால் ஓடும், இறக்கினால் நிற்கும்.

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் வேலையைத் தூக்கிப் போடுகிறவன் நான். வயர் விஷயத்தில் மட்டும், "விளக்கு எரியுதுல்ல, போதும்" என்று இருந்துவிட்டேன்.

முதல் வாரமே பியூஸ் போனது. மறுபடி கட்டினேன், மறுபடி போனது. மூன்றாவது தடவை பியூஸ் கம்பியை இரட்டையாகச் சுற்றினேன். அதன் பிறகு போகவில்லை. தீர்ந்தது பிரச்னை என்று நினைத்துக்கொண்டேன். காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுத்துவிட்டு, வீடு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிற கதைதான்.

பக்கத்து வீட்டில் கன்னடக் குடும்பம். அம்மாவும் மகனும் மட்டும். பையன் என்னைத் தாத்தா என்பான். நான் ஓடவிடுகிற சின்ன நீராவி எஞ்சின் பொம்மைகளைப் பார்க்க வருவான். 2017 கடைசியில் ஒரு நாள் வந்து நின்றான். "தாத்தா, நீங்க மெஷின் போடறப்ப எங்க வீட்டு லைட் கண் சிமிட்டுது" என்றான். புகாராகச் சொல்லவில்லை. ஏதோ வேடிக்கையைச் சொல்வது போலச் சொன்னான்.

அவனுக்குத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். இரண்டு என்றால் ஒன்றரை கிலோவாட். ஒருமுனை மோட்டார் அதற்கு ஏறக்குறைய 11 ஆம்பியர் இழுக்கும். அது ஓடும்போது. நிற்கிற மோட்டாரைக் கிளப்புகிற அந்த ஓரிரு நொடியில் ஐந்தாறு மடங்கு, அதாவது 60 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். என் மெல்லிய வயரில், போக 20 மீட்டர், திரும்ப 20 மீட்டர். அதன் தடை அரை ஓமுக்குக் கொஞ்சம் குறைவு. 60 ஆம்பியர் அதில் பாயும்போது 29 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். அது என் நஷ்டம். ஆனால் அதே 60 ஆம்பியர் தெருக்கம்பி வழியாகத்தானே என் வீட்டுக்கு வர வேண்டும்? அந்தக் கம்பியில் பக்கத்து வீடும் தொங்குகிறது. அங்கே குறைகிற வோல்ட் இரண்டு வீட்டுக்கும் பொது. அவன் வீட்டு விளக்கு கண் சிமிட்டியது அதனால்தான்.

கணக்கு அழகாக வந்தது. பையன் தலையாட்டினான். அந்த வருடம் அவனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. "இனிமே ராத்திரி ஏழுலேர்ந்து ஒன்பது வரைக்கும் மெஷின் போடமாட்டேன்டா" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன். பிரச்னை என்ன என்று தெரிந்த பிறகும் நான் செய்தது நேரத்தை மாற்றியது மட்டும்தான். வயரை மாற்றவில்லை.

2018 மார்ச். மாலை ஆறு மணி இருக்கும். பக்கத்துத் தெரு வீட்டுக் கிரைண்டருக்குப் பித்தளை புஷ் கடைந்துகொண்டிருந்தேன். பாதியில் மின்சாரம் போய்விட்டது. லேத் முனகி நின்றது. சரி, அதற்குள் புஷ்ஷைக் கழற்றி அளந்து பார்க்கலாம் என்று சக்கில் சாவியைச் செருகித் தளர்த்தினேன். சுவிட்ச் இறக்கப்படாமல் மேலேயே இருந்தது. பையன் கையில் டார்ச்சோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். "கரண்ட் எப்ப தாத்தா வரும்?" என்றான். பதில் சொல்லத் திரும்பினேன். சாவி சக்கிலேயே இருந்தது.

மின்சாரம் வந்தது.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். ஒரு சுழற்சி, ஒரு விசில் சத்தம், தகரத்தில் இடி விழுந்தது போல ஓர் ஓசை. அரைக்கிலோ இரும்புச் சாவி பையனின் காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதி, அவன் காலடியில் விழுந்து கிடந்தது. புஷ் எங்கோ உருண்டு போயிருந்தது. பையன் சிரித்தான். பயத்தில் வருகிற சிரிப்பு. நான் சுவிட்சை இறக்கிவிட்டு அவன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு சாண் இடைவெளிதான் எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியிருந்தது.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அவங்க அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. பையன் வாயால தெரியக் கூடாது" என்றாள். ஒன்பது மணிக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "இனிமேல் அவன் அங்கே வர வேண்டாம் அங்கிள்" என்று மட்டும் சொன்னார். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்தினார்.

படுத்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது. தொழிற்சாலையில் 34 வருடம் நான் வேலை செய்த எந்த லேத்தும் இப்படிக் கிளம்பியதே இல்லை. அங்கேயும் மின்சாரம் போகும், வரும். வந்ததும் ஒவ்வொருவரும் பச்சைப் பொத்தானை அழுத்தித்தான் இயந்திரத்தைக் கிளப்புவோம். ஏன் அழுத்த வேண்டும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஸ்டார்ட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு சுருள். மின்சாரம் இருக்கும் வரை அந்தச் சுருள் காந்தமாகித் தொடுமுனைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போனால் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் தானாகப் பிடிக்காது. ஒரு மனிதன் வந்து, பார்த்து, அழுத்தினால்தான் பிடிக்கும். யாரோ ஒருவர் என்னை நினைத்து, எனக்குத் தெரியாமலேயே, இத்தனை வருடம் என் கையைக் காப்பாற்றி வந்திருக்கிறார். என் வீட்டுக்கு நானே தலைவன் ஆனதும் அந்தப் பெட்டியைத்தான் முதலில் மிச்சம் பிடித்தேன்.

மறுநாள் லேத்தைப் பூட்டினேன். உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பது வயதிருக்கும். நான் இழுத்த வயரை முழுக்கப் பார்த்தார். இரட்டை பியூஸ் கம்பியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"சார், இது யார் கட்டினது?"

"நான்தான் தம்பி."

"வயரு சூடாகி உருகினாலும் இது போகாது சார். வீடு எரிஞ்ச பிறகுதான் போகும்."

நான் மும்முனை இணைப்பு வேண்டும், 10 கிலோவாட் போட்டுவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவர் உட்கார்ந்து எழுதச் சொன்னார். லேத் ஒன்றரை கிலோவாட். கம்ப்ரெஸர் முக்கால். துளை இயந்திரமும் சாணையும் அரை அரை குதிரைத்திறன். வீட்டில் கெய்ஸர் இரண்டு, தண்ணீர் மோட்டார் முக்கால், இஸ்திரிப்பெட்டி ஒன்று. மற்றதெல்லாம் சில்லறை. "இதுல ஒரே நேரத்துல எது எது ஓடும்? உங்களுக்கு ரெண்டு கைதானே சார்" என்றார். லேத்தில் நிற்கிறவன் அதே நேரத்தில் சாணை பிடிக்க முடியாது. கூட்டிக் கழித்து 6 கிலோவாட் போதும் என்று வந்தது. ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதாமாதம் நிலைக்கட்டணம் உண்டு. ஓடாத மோட்டாருக்கு ஆயுள் முழுக்கப் பணம் கட்ட வேண்டாமே!

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இந்த புஷ்ஷுக்கெல்லாம் காசு வாங்குறீங்களா?"

நூறு, இருநூறு வாங்குவதுண்டு. அது தப்பு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அவர் விளக்கினார். வீட்டு உபயோகத்துக்கென்று வாங்கிய மின்சாரத்தில் கூலிக்கு வேலை செய்தால் அது அனுமதியில்லாத உபயோகம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி, உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு மதிப்பிடலாம். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. "தொழிலா செய்றதா இருந்தா தனி மீட்டர் வாங்குங்க. பொழுதுபோக்குன்னா காசு வாங்காதீங்க. ரெண்டுக்கும் நடுவுல நிக்காதீங்க" என்றார். எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது. அன்றோடு காசு வாங்குவதை விட்டேன். இப்போது கிரைண்டர் புஷ்ஷுக்குப் பதில் ஒரு கிண்ணம் இட்லி மாவு வருகிறது. அதற்கு இன்னும் கட்டண விகிதம் கிடையாது.

அடுத்து அவர் எர்த் குழியை அளந்தார். வீடு கட்டும்போது போட்ட குழாய். கரியும் உப்பும் எப்போதோ கரைந்து, மண் காய்ந்து கிடந்தது. தடை 18 ஓம் காட்டியது. இதன் பொருள் என்ன? லேத்தின் உடம்பில் மின்சாரம் இறங்கினால் 230 வோல்டை 18ஆல் வகுத்தால் வருகிற 12, 13 ஆம்பியர்தான் மண்ணுக்குப் போகும். எந்த பியூஸும் அதற்கு அசையாது. லேத் முழுவதும் மின்சாரத்தோடு சாதுவாக நிற்கும், யாராவது தொடுகிற வரைக்கும்.

புதுக் குழி வெட்டி மூன்று மீட்டர் குழாய் இறக்கி, தடையை 3 ஓமுக்குக் கொண்டுவந்தார். "இனி பயமில்லையே தம்பி?" என்றேன். "இதுவும் போதாது சார்" என்றார். மூன்று ஓமில் அதிகபட்சம் 76 ஆம்பியர் போகலாம். 32 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது, பல நொடி யோசிக்கும். மனித இதயத்துக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. அதனால் ஆர்.சி.சி.பி. என்கிற கருவி. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது சதா எண்ணிக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு கணக்கில் குறைந்தாலும், பத்தில் மூன்று பங்கு நொடிக்குள் வெட்டிவிடும். எர்த், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை என்பதை 64 வயதில் கற்றுக்கொண்டேன்.

மும்முனை வந்தால் நியூட்ரல் கம்பிக்கு மரியாதை கூடும் என்பதும் அன்று தெரிந்தது. மூன்று முனைகளில் எது நியூட்ரலோடு சேர்ந்தாலும் 230 வோல்ட். ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் இடையே 400க்கு மேல். நியூட்ரல் எங்காவது தளர்ந்து விட்டுப்போனால் வீட்டுச் சாமான்கள் இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். பளு குறைந்த முனையில் வோல்டேஜ் எகிறி, டி.வி.யும் பிரிட்ஜும் கருகும். ஆகவே வீட்டு விளக்குகளையும் சாமான்களையும் மூன்று முனைக்கும் சமமாகப் பிரித்துப் போட்டார். நியூட்ரல் முனைகளைத் தன் கையாலேயே முடுக்கினார். உதவியாளர் பையனை அதைத் தொட விடவில்லை.

ஒப்பந்தக்காரரின் சோதனை அறிக்கையோடு விண்ணப்பம் கொடுத்து, வைப்புத்தொகை கட்டி, நான்காவது வாரம் புது மீட்டர் வந்தது. இப்போது விதிகள் இன்னும் கறார். மின் நுகர்வோர் உரிமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 2024இல் திருத்தம் செய்தார்கள். கம்பியோ டிரான்ஸ்பார்மரோ புதிதாகப் போட வேண்டியில்லை என்றால், விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்த பிறகு பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமத்தில் 15 நாள். இவற்றுக்குள் இணைப்புத் தரவோ மாற்றவோ வேண்டும். வீட்டில் மோட்டார் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நேர்வழி நீளமானது என்ற சாக்கு இனி செல்லாது.

சாக்கிலிருந்து பழைய மும்முனை மோட்டார் வெளியே வந்தது. அதே 2 குதிரைத்திறனுக்கு அது ஒரு முனையில் மூன்றரை ஆம்பியர்தான் கேட்கிறது. கிளம்பும்போது 20 சொச்சம். ஒரே கம்பியில் 60 ஆம்பியரை உறிஞ்சுவதற்கும் மூன்று கம்பிகளில் பகிர்ந்துகொள்வதற்கும் இருக்கிற வித்தியாசம். இப்போதெல்லாம் வி.எஃப்.டி. என்ற மின்னணுக் கருவி மூலம் ஒருமுனை இணைப்பிலேயே மும்முனை மோட்டாரை மெல்லக் கிளப்பி ஓட்டுகிறார்கள். ஒரே ஒரு சின்ன லேத் என்றால் அதுவும் நல்ல வழிதான். ஆனால் மோட்டார் 230 வோல்டில் டெல்டா இணைப்புக்கு மாற்றக்கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும். 415 வோல்ட் ஸ்டார் இணைப்பிலேயே உள்ளே கட்டி மூடிய மோட்டார்கள் நிறைய. எந்த வழியில் போனாலும் எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும், தானாகக் கிளம்பாத ஏற்பாட்டுக்கும் விலக்கு இல்லை.

கடைசியாக ஸ்டார்ட்டர். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், மோட்டார் அதிகமாக இழுத்தால் வெட்டிவிடும் ஓவர்லோடு ரிலே. மொத்தச் செலவு 38,000 ரூபாய். அதில் இந்தப் பெட்டியின் விலை சுமார் 2,000. பையனின் காதுக்கும் சாவிக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய பொருள் இதுதான்.

வேலை முடிந்த அன்று பக்கத்து வீட்டுக்குப் போய், "ஒரு அஞ்சு நிமிஷம் வந்து பாருங்கம்மா" என்று கூப்பிட்டேன். அந்த அம்மா வந்தார். பையனும் பின்னால் வந்தான், வாசலோடு நின்றான். லேத்தை ஓடவிட்டேன். ஒப்பந்தக்காரர் முன்னறைக்குப் போய் மெயினை இறக்கினார். லேத் நின்றது, விளக்கு அணைந்தது. யாரும் பேசவில்லை. மெயினை மேலே ஏற்றினார். விளக்கு எரிந்தது. லேத் அப்படியே நின்றது. பத்து நொடி, இருபது நொடி நின்றுகொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் ஓர் இயந்திரம் ஓடாததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அந்த அம்மா சிவப்புப் பொத்தானைப் பார்த்தார், பிறகு தகரத்தில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். "இதை அப்பவே போட்டிருக்கலாமே அங்கிள்?" என்றார்.

கோபமில்லாமல் கேட்ட கேள்வி. என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

பையன் இப்போது பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுகள் எழுதிக்கொண்டிருக்கிறான். எப்போதாவது வருவான். ஸ்டூலைச் சக்கின் நேர்க்கோட்டிலிருந்து தள்ளி, பக்கவாட்டில்தான் போட்டிருக்கிறேன். நான் கடைசலை நிறுத்தி, சாவியைக் கழற்றி அதன் கொக்கியில் மாட்டுகிற வரைக்கும் அவன் பேச்சுக் கொடுப்பதில்லை. சாவி மாட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கிறான்.